தமயந்திக்கு நெஞ்சு வலி

இந்தப் பக்கம் வந்துருங்க தம்பி, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அதுல உக்காந்து விழுந்து, வந்த வியாதியோட இன்னொரு வியாதியையும் சேத்து வாங்கிட்டுப் போனவங்க உண்டு. என்ன, கணுக்காலா? நல்லா வீங்கிருக்கே. படி இறங்கும்போது பிசகிருச்சா? இதுக்குப் போயி யாராவது டாக்டர்கிட்ட வருவாங்களா? இப்படி என் மடியில நீட்டுங்க. பெருவிரலைப் பிடிச்சு ஒரே இழு. டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், அம்புட்டுத்தான். முப்பத்தாறு வருஷம் ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்தவன் தம்பி நான். நான் இழுத்துவிட்ட காலுக எத்தனை இன்னிக்குப் போலீஸ்ல ஓடிக்கிட்டிருக்கு தெரியுமா? வேண்டாமா? சரி, வேண்டாம். காலை உள்ள இழுத்துக்காதீங்க, நானா பிடிச்சு இழுக்க மாட்டேன்.

உங்க டோக்கன் எத்தனை? பதினஞ்சா. இப்ப உள்ள இருக்கறது பதினொண்ணு. அது என் சம்சாரம், தமயந்தி. உள்ள போயி இருபது நிமிஷமாச்சு.

அப்ப நான் ஏன் வெளிய இருக்கேன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க தம்பி. இந்த டாக்டரம்மா, ஜெபராணி. சின்னப் பொண்ணு. என்கிட்டப் படிச்ச பிள்ளைகளைவிடச் சின்ன வயசு. "சார், கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு சொல்லிட்டாங்க. கையால கதவைக் காட்டி.

நாப்பத்தோரு வருஷம் தம்பி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவளுக்கு எது வந்தாலும் டாக்டர்கிட்ட நான்தான் சொல்லிருக்கேன். காய்ச்சலா, கழுத்து வலியா, பித்தமா, எல்லாம் நான்தான். ரெண்டு பிரசவம். "விட்டு விட்டு வருது டாக்டர், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்"னு வலியக்கூட நான்தான் சொன்னேன். அவளுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. ரொம்ப அமைதியான டைப். வாயத் தொறக்கவே மாட்டா. நான் சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் "ஆமா"ன்னு தலையை ஆட்டுவா, அம்புட்டுத்தான்.

இந்த அம்மாவுக்கு முன்னாடி இங்க ஒரு பெரிய டாக்டர் இருந்தாரு. இப்பப் பெங்களூர்ல மகன் வீட்டோட போயிட்டாரு. தங்கமான மனுஷன். நான் சொல்லுவேன், அவர் எழுதுவாரு, இவ நாக்கை நீட்டுவா. மூணு பேருக்கும் மூணு வேலை. அஞ்சே நிமிஷத்துல வெளிய வந்துருவோம். இந்தம்மா வந்து மூணு மாசமாச்சு, எல்லாத்தையும் தலைகீழா மாத்திட்டாங்க. வந்த அன்னிக்கே, "சார், நீங்க பேசாதீங்க, அவங்க சொல்லட்டும்"னாங்க. என்னங்க இது?

அந்தா, கேட்டீங்களா? அதுதான் மாரீஸ்வரி சிஸ்டர். ஆளு நல்ல பிள்ளை, ஊசி போட்டா எறும்பு கடிச்சாப்பல இருக்கும். ஆனா பேரு மண்டையில நிக்காது. நோயை வச்சுத்தான் கூப்பிடும். "சுகர் யாரு, வாங்க! சேத்துப்புண்ணு உள்ள போங்க!" போன மாசம் ஒரு பேங்க் மேனேஜர் வந்திருந்தாரு, டை எல்லாம் கட்டிக்கிட்டு. இந்தப் புள்ள வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி, "மூலம்! மூலம் யாருங்க?"ன்னு கூப்பிடுது. பாவம், அந்த மனுஷன் எந்திரிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம தவிச்ச தவிப்பு இருக்கே. அதுக்கப்புறம் அவரு இந்தப் பக்கமே வரல.

அதனாலதான் சொல்றேன், ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளுக இங்க வந்து மாட்டிக்கக் கூடாது. என்னையவே எடுத்துக்கங்க. கார்ப்பரேஷன் பார்க்குக்குப் போயிருக்கீங்களா? வாசல்ல மஞ்சள் போர்டு ஒண்ணு இருக்கும். "மருந்தில்லா வாழ்வு மன்றம். தினமும் காலை இலவசப் பயிற்சி. பயிற்சியாளர் சௌந்தரபாண்டியன்." அது நான்தான். நாப்பது பேரு வர்றாங்க தம்பி. எல்லாம் ரிட்டயர்டு ஆளுக. ஆறு ரவுண்டு ஓட்டம், இருபது உக்கி, அதான் முட்டி மடக்கி உக்காந்து எந்திரிக்கிறது, அப்புறம் சிரிப்புப் பயிற்சி. அறுபத்தெட்டு வயசுல இன்னி வரைக்கும் ஒரு மாத்திரையத் தொட்டதில்லன்னு குடியரசு தினத்தன்னிக்கு மைக்ல பேசிருக்கேன். பொன்னாடை போத்துனாங்க.

ஐயய்ய. அந்தா உள்ள வர்றாரு பாருங்க, மப்ளர் கட்டிக்கிட்டு. கனகராஜ். மின்வாரியத்துல இருந்தவரு, எங்க மன்றத்துச் செயலாளர். கொஞ்சம் அந்தப் பேப்பரைக் குடுங்க... பார்த்துட்டாரா? இருமுறாரு. இருமலுக்கு வந்துருக்காரு போல, மருந்தில்லா வாழ்வுக்காரரு! பார்த்தா பார்க்கட்டும். எனக்கென்ன, நான் சம்சாரத்துக்குத் துணையா வந்துருக்கேன்.

ஆமா, தமயந்திக்குத்தான். நெஞ்சு வலி. ஒரு வருஷமாச்சு. மாடிப்படி ஏறும்போது பத்தாவது படியில ஆரம்பிக்கும். நெஞ்சு நடுவுல யாரோ செங்கல்லை வச்சு அமுக்குற மாதிரி. அப்படியே இடது தோளுக்குப் போயி, முழங்கை வழியா இறங்கி, சுண்டுவிரல்ல வந்து நிக்கும். சில நேரம் கீழ்த்தாடையில பல் வலி மாதிரி. நின்னா குறையும், நடந்தா கூடும். வேர்வை பாருங்க, அது சாதா வேர்வை இல்ல, சில்லுன்னு இருக்கும். பொம்பளைகளுக்கு இதையெல்லாம் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்ல வருமா? நான்தான் சொல்லணும்.

பெரிய டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுட்டு, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எழுதிக் குடுத்தாரு, வலி வந்தா வச்சுக்கச் சொல்லி. இந்தா, சட்டைப் பையிலயே வச்சுருக்கேன். அவளுக்கு எப்ப வரும்னு தெரியாதுல்ல. அட்டையில அஞ்சு குறைஞ்சிருக்கேன்னு பார்க்குறீங்களா? அது வந்து, அவளுக்கு ஒத்துக்குதான்னு பார்க்க வேண்டாமா? ஒரு பொருளை நம்ம வாயில வச்சுப் பார்க்காம எப்படி அடுத்தவங்களுக்குக் குடுக்குறது?

இந்த ஜெபராணியம்மா ரெண்டு தரம் இ.சி.ஜி. எடுத்தாங்க. தமயந்தியப் படுக்க வச்சு, கைக்கும் காலுக்கும் கிளிப் போட்டு. காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு, "அம்மா, உங்க இதயம் இருபது வயசுப் பொண்ணு இதயம் மாதிரி இருக்கும்மா"ன்னாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யா? மெஷினைச் சரி பாருங்கன்னேன். மெஷின் நல்லாத்தான் இருக்குன்னாங்க. வேணும்னா என்னையப் படுக்க வச்சு... இல்ல, அப்படியெல்லாம் சொல்லல. சொல்ல வந்தேன், நிறுத்திட்டேன்.

அன்னிக்கு ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. வேற எப்பல்லாம் வருதுன்னு கேட்டாங்க. நான் பட்டுன்னு, "குனிஞ்சு ஷூ லேஸ் கட்டும்போது மூச்சு முட்டுது டாக்டர்"னு சொல்லிட்டேன். அந்தம்மா மேஜைக்கு அடியில எட்டிப் பார்த்தாங்க. தமயந்தி காலுல ரப்பர் செருப்பு. "ஷூ போடுவீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. அவ எப்பவும் போலத் தலையை ஆட்டிட்டா. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்னு சமாளிச்சேன். அதுக்கப்புறம் அந்தம்மா என்னைய ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. பார்த்துட்டுச் சொன்னாங்க, "சார், நீங்க சொல்ற அறிகுறி யாருக்கு இருந்தாலும் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கக் கூடாது. இது ரத்தக் குழாய் அடைப்பா இருக்கலாம். யாருக்கா இருந்தாலும்." அந்த 'யாருக்கா இருந்தாலும்'ங்கறதை ரெண்டு தரம் சொன்னாங்க தம்பி. நான் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வந்துட்டேன். வெளிய வந்து செருப்பு மாட்டும்போது சிரிப்பு நின்னுபோச்சு.

இன்னிக்கு என்ன ஆச்சுன்னா, காலையில டோக்கன் நோட்டுல பேரு எழுதறதுக்கு அவளே கிளம்பிட்டா. எப்பவும் நான்தான் எழுதுவேன். "நீங்க பார்க்குக்குப் போங்க, நான் எழுதிட்டு வர்றேன்"னா. திரும்பி வந்து பதினொண்ணும் பன்னெண்டும்னு சொன்னா. ரெண்டு எதுக்குன்னேன். பன்னெண்டு பக்கத்து வீட்டு ராஜாமணிக்காம். அந்தம்மாவைக் காணோம் பாருங்க, இன்னும் வந்து சேரல. இப்படித்தான் டோக்கனை வாங்கி வீணாக்குறது.

உள்ள போனோம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையக் கனைச்சு, "டாக்டர், இந்த வாரம் பாத்தீங்கன்னா"ன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. "உங்களுக்கு என்னம்மா பண்ணுது? நீங்க சொல்லுங்க"ன்னாங்க. நான் தமயந்தியப் பார்த்தேன். தலையாட்டுவான்னு பார்த்தா, வாயத் தொறக்குறா தம்பி! "எனக்கு முட்டி வலிக்குதும்மா. ரெண்டு முட்டியும். மூணு வருஷமா."

மூணு வருஷமா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. தினமும் காலையில என் விசிலுக்கு இருபது உக்கி போட்டுட்டுத்தான் காப்பியே போடுவா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. பதினெட்டுல நிறுத்தினாக்கூட நான் விசில் ஊதுவேன், மறுபடி போடுவா. முட்டி வலிக்குதுன்னா சொல்லணுமா வேண்டாமா? எத்தனை தரம் இந்த டாக்டர் ரூமுக்கு வந்துருக்கோம். அப்பச் சொல்லிருக்கலாமே.

ஆமா, அப்ப நான் பேசிக்கிட்டு இருந்தேன். அதுவும் வாஸ்தவந்தான்.

"அப்ப நெஞ்சு வலி?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. தமயந்தி என்னையப் பார்த்தா. நான் தமயந்தியப் பார்த்தேன். அப்பத்தான் அந்தம்மா கதவைக் காட்டினாங்க.

கேக்குதா? உள்ள சிரிக்குறாங்க. அது தமயந்தி சிரிப்புதான். பேசத் தெரியாதவ இருபது நிமிஷமா என்ன தம்பி பேசுறா? அந்த டாக்டரம்மாவும் சேந்து சிரிக்குறாங்க. இவங்க ரெண்டு பேரும் என்ன சிரிப்புப் பயிற்சியா பண்றாங்க உள்ள?

கொஞ்சம் கிட்ட வாங்க. நீங்க எங்க பார்க்குக்கு வர்ற ஆளு இல்லையே? இனிமேலும் வர மாட்டீங்கல்ல? சரி, உங்ககிட்டச் சொன்னா என்ன. அந்த வலி அவளுக்கு இல்ல.

நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களா? எப்ப? ஷூ லேஸ்லயா? ம்.

போன வருஷம் ஆடி மாசம். அரிசி மூட்டையத் தோள்ல வச்சு மாடி ஏறினேன், அப்பத்தான் மொத மொத. உக்காந்துட்டேன். தண்ணி குடிச்சேன், சரியாப் போச்சு. அப்புறம் வாரத்துக்கு ஒருதரம். அப்புறம் ரெண்டு தரம். டாக்டர்கிட்டப் போகலாம்னா இந்த சிஸ்டர் புள்ள வாசல்ல நின்னு, "நெஞ்சு வலி, பி.டி. சார்!"னு கூப்பிடுமே. மன்றத்து ஆளுக பாதிப் பேரு இந்தத் தெருதான். அந்த மஞ்சள் போர்டை நானே ஏணி வச்சு ஏறி மாட்டினேன் தம்பி. அதை நானே எப்படி இறக்குறது?

அதான் தமயந்திகிட்டச் சொன்னேன், "உனக்கு வந்த மாதிரி நான் சொல்றேன், நீ தலையை மட்டும் ஆட்டு. மருந்து வாங்கி நான் சாப்பிட்டுக்கறேன்"னு. மொதல்ல சிரிச்சா. நான் விளையாடுறேன்னு நினைச்சா போல. அப்புறம் என் மூஞ்சியப் பார்த்தா. சிரிப்பை நிறுத்திட்டு, சேலை மாத்திக்கிட்டு வந்துட்டா. அன்னியில இருந்து அவதான் நெஞ்சு வலிக்காரி. இந்தத் தெருவுல எல்லாரும் அவளைத்தான் விசாரிக்குறாங்க, "எப்படிம்மா இருக்கு, படி ஏறாதீங்க"ன்னு. அவளும் "பரவால்ல"ன்னு சொல்லிட்டுப் போறா. ஃபைல்ல அவ பேரு, வலி என்னோடது. நல்ல ஏற்பாடுன்னுதான் நினைச்சேன். யாருக்கும் நஷ்டமில்ல பாருங்க.

இன்னிக்குக் காலையில பார்க்குல இருந்து வந்து, ஷூவைக் கழட்டும்போது வந்துருச்சு. மாத்திரை போட்டும் சட்டுன்னு நிக்கல. அவ சமையக்கட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் வந்து குனிஞ்சு அந்த லேஸை அவிழ்த்துவிட்டுட்டு உள்ள போயிட்டா. முட்டி வலியோட குனிஞ்சிருக்கா பாருங்க, எனக்கு அப்பத் தெரியல.

பயமாத்தான் தம்பி இருக்கு. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. செத்துப்போறதைக்கூட விடுங்க. என்னைய அந்தக் கட்டில்ல படுக்க வச்சு, கிளிப் போட்டு, காகிதம் வெளிய வந்து, அதைப் பார்த்துட்டு அந்தச் சின்னப் பொண்ணு ஒண்ணும் பேசாம இருந்துட்டா? அது ஒண்ணுதான் என்னால தாங்க முடியாதுன்னு தோணுது. தமயந்தி காகிதம் வரும்போது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஏதோ என் இதயமே நல்லா இருக்குன்னு சொன்ன மாதிரி.

பொறுங்க, கதவு தொறக்குது. சிஸ்டர் வருது. பன்னெண்டாவது டோக்கன். அது ராஜாமணியம்மா சிஸ்டர், அவங்க இன்னும் வரல. பதிமூணைக் கூப்பிட்டுருங்க. கனகராஜ் இருமிக்கிட்டே இருக்காரு, பாவம், அவரைக் கூப்பிடு...

என்னது?

என்ன சொன்னீங்க? இங்க பாருங்க, "நெஞ்சு வலி, பி.டி. சார்"ங்கறதை அவ்வளவு சத்தமாச் சொல்லணுமா? நோட்டுல என் பேரா? யாரு எழுதினது? ஓ. அவ எழுதினாளா.

தம்பி, எல்லாரும் என்னையத்தான பார்க்குறாங்க? கனகராஜும் பார்க்குறாரா? மப்ளரை வாயில இருந்து எடுத்துட்டாரே.

அந்தா, அவளே வாசலுக்கு வந்துட்டா. கையில என்ன, புது ஃபைலா? சிஸ்டர், ஒரு நிமிஷம். எனக்கு என்ன பண்ணுதுன்னா... எனக்கு வந்து... மாடிப்படியில... என்ன தம்பி இது, வார்த்தையே வர மாட்டேங்குது. ஒரு வருஷமா மனப்பாடமாச் சொன்னதுதான். அவளுக்குன்னா கடகடன்னு வரும். எனக்குன்னு சொல்ல வர மாட்டேங்குதே.

பாருங்க, அவ சொல்றா. அவளே சொல்றா தம்பி, அத்தனை பேருக்கு முன்னாடி. பத்தாவது படி. செங்கல்லு. சுண்டுவிரல். தாடை. ஒண்ணையும் விடல. நான் சொன்ன வரிசை மாறாம அப்படியே சொல்றா. தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்தான்னு நினைச்சேன், கேட்டுக்கிட்டும் இருந்திருக்கா.

ஐயோ, வேண்டாம்டி. அதைச் சொல்லாதடி. சொல்லிட்டா. "இவரு பார்க்குல ஓடி நாலு மாசமாச்சு சிஸ்டர். வேப்ப மரத்தடியில நின்னு விசில்தான் ஊதுறாரு." போச்சு. கனகராஜ் எந்திரிச்சுட்டாரு. இங்கதான் வர்றாரு. வாங்க கனகராஜ், உக்காருங்க. இல்ல, அவ ஏதோ...

தெரியுமா? உங்களுக்குமா?

எல்லாருக்குமேவா?

தம்பி, கேட்டீங்களா இந்த ஆளு சொல்றதை? நாலு மாசமா நாப்பது பேரும் ரெண்டு ரவுண்டுதான் ஓடுறாங்களாம். நான் மரத்தடியில நின்னு எண்ணிக்கிட்டு இருக்கேன், ஆறுன்னு! பின்பக்கம் கழிப்பறை மறைவுல குறுக்கால புகுந்து, மறுபடி இந்தப் பக்கமா ஓடி வருவாங்களாம். சார் ரொம்ப நேரம் நின்னு விசில் ஊதுனா மூச்சு வாங்குதுன்னு, பேசி வச்சுக்கிட்டுச் சீக்கிரமா முடிக்குறாங்களாம். அதைச் சொல்லும்போது இந்த மனுஷன் கண்ணைத் துடைக்குறாரு பாருங்க. போய்யா, உன் இருமலைப் பாரு மொதல்ல.

வர்றேன் சிஸ்டர், வர்றேன். கத்தாதீங்க, ஊருக்கே தெரிஞ்சாச்சு, இனி மெதுவாவே கூப்பிடலாம். தமயந்தி, நீ வாசப்படியில நிக்காத, முட்டி வலிக்கும். அந்த நாற்காலியில உக்காரு. அது இல்ல, அதுக்கு ஒரு கால் ஆடும். என்னது, நீயும் உள்ள வர்றியா? வா.

தம்பி, இந்தாங்க உங்க பேப்பர். காலை இழுத்துவிடட்டுமான்னு கேட்டேன்ல, அதை மறந்துருங்க. வேற யாரு கேட்டாலும் காலைக் குடுக்காதீங்க. டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க. என்ன பண்ணுதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க, கூட வந்தவங்களைச் சொல்ல விடாதீங்க.

நானா? எனக்கு அவ சொல்லிருவா.